அந்த சைட்டைத் திறந்தால் மட்டும் பிரவுசர் ஏன் படுத்துக்கொள்கிறது?

பெங்களூர் அல்சூர் பஜார் தெருப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அண்ணன் வீட்டில் பேசுவது தமிழ், கல்லாவில் பேசுவது கன்னடம். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆதார் நகல் எடுக்கப் போயிருந்தேன். ஒரு தளத்திலிருந்து பிரிண்ட் கேட்டு எனக்கு முன்னால் நின்றவரிடம் அண்ணன், "சர்வர் டவுன் இதே சார், நாளே பன்னி" (சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க) என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் விடுவதாக இல்லை. தன் போனில் அதே தளத்தைத் திறந்து நீட்டினார். பளிச்சென்று வந்திருந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "மூணு நாளா இதே ரோதனைப்பா. வேற எந்த சைட்டுக்குப் போனாலும் நல்லா ஓடுது. இது ஒண்ணத் தொறந்தா மட்டும் குரோம் அப்படியே காணாமப் போயிடுது."

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கூப்பிடுவார்கள். பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போனேன். அதற்குள் அண்ணனுக்கு மூன்று வைத்தியம் சொல்லப்பட்டிருந்தது: நெட் கம்பெனிக்குப் புகார் கொடு, ஹிஸ்டரியை அழி, விண்டோஸையே ஃபார்மட் பண்ணு. தலைவலிக்கும் பல்வலிக்கும் கால்வலிக்கும் "உடம்பு சரியில்லை" என்று ஒரே வார்த்தை வைத்திருந்தால் வைத்தியமும் இப்படித்தான் குத்துமதிப்பாக இருக்கும். பிரவுசர் விஷயத்தில் நாம் எல்லோருமே அந்த நிலையில்தான் இருக்கிறோம்.

பல கோளாறு, ஒரே பெயர்

பக்கம் வராவிட்டால் "கிராஷ்", "ஹேங்", "சர்வர் டவுன்", "நெட் இல்லை" என்று வாய்க்கு வந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறோம். நாலும் நாலு வேறு இடத்தில் நடக்கும் சங்கதி. எது என்று கண்டுபிடிக்கத் திரையில் எழுதியிருப்பதைப் படித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. நாம்தான் படிக்க மாட்டோமே.

குரோமில் குட்டி டைனோசர் நின்றால் இணைய இணைப்பே இல்லை. "இந்தத் தளத்தை அடைய முடியவில்லை" என்று வந்தால் நீங்கள் அனுப்பிய ஆள் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கதவைத் தட்டியும் யாரும் திறக்கவில்லை. 500, 503 மாதிரி எண்கள் வந்தால் கதவைத் திறந்தவரே "உள்ளே குழப்பம், அப்புறம் வா" என்கிறார். சர்வர் என்பது தளத்தை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு அனுப்பும் கம்ப்யூட்டர். "சர்வர் டவுன்" என்ற சொல்லுக்குப் பொருத்தமான இடம் இதுதான்.

பக்கம் வந்துவிட்டது, ஆனால் தொட்டால் அசையவில்லை, கொஞ்ச நேரத்தில் "காத்திருக்கவா, மூடவா" என்று ஒரு பெட்டி கேட்கிறது என்றால் அது ஹேங். வேலை செய்கிறவர் மயங்கி விழவில்லை. முடிவே இல்லாத ஒரு வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்.

கிராஷ் என்பது ஆளே விழுந்துவிடுவது. குரோம் "ஆ, ஸ்னாப்!" என்று ஒரு பக்கம் காட்டும். ஃபயர்பாக்ஸ் உங்கள் டேப் கிராஷ் ஆகிவிட்டது என்று நேராகவே சொல்லிவிடும். சில சமயம் எதுவும் சொல்லாமல் ஜன்னல் மொத்தமும் மறைந்துவிடும். இதில் ஒரு சின்ன பொறி இருக்கிறது. குரோமில் "அடைய முடியவில்லை" பக்கத்திலும் அழுமூஞ்சிப் படம், "ஆ, ஸ்னாப்" பக்கத்திலும் அழுமூஞ்சிப் படம். மூஞ்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எழுத்தைப் படியுங்கள்.

ஐந்தாவதாக ஒரு வேஷம் உண்டு. திரை முழுவதும் சிவப்பாகி, பீப் பீப் என்று கத்தி, "உங்கள் பிரவுசர் கிராஷ் ஆகிவிட்டது, உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று வந்தால் அது மோசடிப் பக்கம். உண்மையான கிராஷ் அறிவிப்பில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். அப்புறம் டேப்பை மூடிவிடலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பக்கம் வந்துசேராதது வேறு, வந்த பிறகு விழுவது வேறு. அண்ணனுடையது இரண்டாவது வகை. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை.

பார்சல் சாப்பாடா, மளிகைச் சாமானா?

தளம் என்பது எங்கோ சமைத்து, பொட்டலம் கட்டி, நம் வீட்டுக்கு வரும் பார்சல் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தால் "அவன் சாப்பாடு கெட்டுப்போச்சு" என்று சொல்வது நியாயம்தான்.

ஆனால் வருவது மளிகைச் சாமானும் ஒரு செய்முறைத் தாளும். எழுத்து இது, படம் இது, இந்த இடத்தில் இந்த நிறம், இந்தப் பொத்தானை அழுத்தினால் இதைச் செய் என்று குறிப்பு வரும். அந்தச் செய்முறையில் "செய்" என்று கட்டளையிடும் பகுதிக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர். சமையல் முழுக்க உங்கள் அடுப்படியில், உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் பிரவுசர் செய்கிறது. ஒரே தளம் ஒருவர் போனில் பளிச்சென்று வந்து, அண்ணன் மெஷினில் குப்புற விழுந்ததற்குக் காரணம் இதுவே. தாள் ஒன்று, அடுப்படி இரண்டு.

பிரவுசர் செய்கிறவர்களின் கட்சி என்னவென்றால், செய்முறை எவ்வளவு கோணலாக இருந்தாலும் சமைக்கிறவர் மயங்கி விழக்கூடாது. "இதைச் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். எனக்கும் அதில் உடன்பாடுதான். தளம் மோசமாக எழுதப்பட்டிருக்கலாம். ஆனாலும் விழுந்தது உங்கள் வீட்டுக்குள். தேட வேண்டிய இடமும் அதுதான்.

லைன் வீட்டு ஃபியூஸ்

அல்சூர், மர்பி டவுன் பக்கம் பழைய லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே காம்பவுண்டில் ஏழெட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ். மூன்றாம் வீட்டில் அயர்ன் பாக்ஸ் ஷார்ட் ஆனால் காம்பவுண்டே இருட்டு. அப்புறம் வீட்டுக்கு ஒரு ஃபியூஸ் வைத்தார்கள். மூன்றாம் வீடு இருண்டாலும் மற்றவர்கள் சீரியல் பார்க்கலாம்.

பழைய பிரவுசர்கள் ஒற்றை ஃபியூஸ் காம்பவுண்டு. பத்து டேப் திறந்திருந்து ஒன்றில் கோளாறு என்றால் பத்தும் போகும். 2008 செப்டம்பரில் வந்த குரோம், டேப்களைத் தனித்தனிப் பிராசஸ்களாகப் பிரித்தது. பிராசஸ் என்றால், கம்ப்யூட்டர் தனக்கென்று நினைவக இடம் ஒதுக்கி, மற்றவற்றோடு கலக்காமல் ஓட்டும் ஒரு தனி வேலை. ஃபயர்பாக்ஸ் இந்த வழியில் முதல் அடி வைக்க 2016 ஆகஸ்டில் வந்த 48-ஆம் பதிப்பு வரை ஆனது.

2018-இல் இன்னொரு சுவர் எழுந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டை வெளியே வந்தது. ஒரு தளம் பக்கத்துத் தளத்தின் ரகசியத்தை எட்டிப் பார்க்க வழி இருந்தது. அதனால் குரோம் 67-இலிருந்து கம்ப்யூட்டர்களில் தளத்துக்குத் தளம் வேறு பிராசஸ் என்று கட்டாயமானது. இதனால் மொத்த நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. "குரோம் ரேமைத் தின்னுது" என்று திட்டும்போது இந்தச் சுவருக்கான செலவும் அதில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டமைப்பு தெரிந்தால் ஒரு துப்பு இலவசமாகக் கிடைக்கும். ஒரு டேப் மட்டும் செத்து மற்றவை உயிரோடு இருந்தால் அந்த வீட்டு ஃபியூஸ்: பக்கத்தின் கனம், பிரவுசரில் நாம் ஒட்டிய ஒரு எக்ஸ்டென்ஷன் (துணை மென்பொருள்), நினைவகப் பற்றாக்குறை என்று பார்க்க வேண்டும். ஜன்னல் மொத்தமும் மறைந்தால் காம்பவுண்டுக்குப் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது: கிராஃபிக்ஸ், ஆன்டிவைரஸ், பிரவுசரின் சொந்தக் கோப்புகள். அண்ணனுக்கு ஜன்னல் மொத்தமும் மறைந்தது. அதோடு, மறைவதற்கு முன் திரை ஒரு தரம் கண் சிமிட்டுவது போல் கறுத்தது. இதை அவர் சொல்லவில்லை, நான் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

மிக்ஸி கேட்கும் பதார்த்தம்

சரி, ஏன் அந்த ஒரு தளம் மட்டும்? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "அந்த சைட்டில் என்ன கோளாறு" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "மற்ற சைட்டுகள் கேட்காத எதை இது என் மெஷினிடம் கேட்கிறது" என்று கேட்க வேண்டும்.

வீட்டில் காபி போட்டாலும் சாதம் வடித்தாலும் ஒன்றும் ஆகாது. தேங்காய்ச் சட்னி அரைக்கும் அன்று மட்டும் ஃபியூஸ் போகிறது என்றால் தேங்காயைக் குற்றம் சொல்வோமா? சட்னி மட்டும்தான் மிக்ஸியைக் கேட்கிறது. மிக்ஸியின் வயரில் கோளாறு.

பிரவுசரின் மிக்ஸி ஜிபியு. படம் வரைவதற்கென்றே இருக்கும் சிப் அது. செய்தித் தளம், ரயில் டிக்கெட், மெயில் எல்லாம் அதை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். சுழற்றிப் பார்க்கும் வரைபடம், முப்பரிமாண வீடு, உயர்தர வீடியோ, ஆன்லைன் விளையாட்டு போன்றவை அதை முழு வேகத்தில் ஓட்டும். பிரவுசருக்கும் ஜிபியுவுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் மென்பொருள் டிரைவர். டிரைவர் பழசாகிப்போனால் லேசான வேலைக்குத் தலையாட்டும், கனமான வேலையில் கவிழும். அண்ணன் திறந்தது லே-அவுட் மனை விற்கும் ஒரு தளம். வானத்திலிருந்து இறங்கி மனைமேல் வட்டமிடும் வரைபடம் அதன் முதல் பக்கத்திலேயே ஓடியது.

அடுத்தது சமையல் மேடை இடம், அதாவது ரேம். வேலை நடக்கும்போது சாமான்களைப் பரப்பி வைக்கும் தற்காலிக இடம். சில பக்கங்கள் கீழே இழுக்க இழுக்க முடிவில்லாமல் படங்களை இறக்கிக்கொண்டே போகும். பழையதை எடுத்து வைக்காது. 4 ஜிபி மெஷினில் அரை மணி நேரம் கழித்து டேப் சாகும். அப்போது "ஆ, ஸ்னாப்" பக்கத்தின் அடியில் "அவுட் ஆஃப் மெமரி" என்று பொடி எழுத்தில் குறியீடு இருக்கும். ரேம் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் எப்போதும் அல்ல. 64 பிட் குரோமில்கூட ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பயன்படுத்தும் இடத்துக்குச் சுமார் 4 ஜிபி உச்சவரம்பு இருக்கிறது; மெஷினில் 32 ஜிபி இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்டும் பக்கம் விழத்தான் செய்யும். குரோமில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எஸ்கேப் தட்டினால் எந்த டேப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் வரும். எண் ஏறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுப்படியில் மூக்கை நுழைப்பவர்கள்

விளம்பரம் தடுப்பது, கூப்பன் தேடுவது, பிடிஎஃப் ஆக்குவது என்று பிரவுசரில் நாம் ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்களுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். இவற்றில் பல, நீங்கள் திறக்கும் பக்கத்துக்குள்ளேயே நுழைந்து குறிப்பைத் திருத்தும். ஷாப்பிங் தளத்தில் மட்டும் கூப்பன் எக்ஸ்டென்ஷன் விழித்துக்கொள்ளும், அதனால் ஷாப்பிங் தளம் மட்டும் விழும். ஆன்டிவைரஸும் சில சமயம் இதே வேலையை இன்னும் ஆழத்தில், பிரவுசர் பிராசஸுக்குள்ளேயே புகுந்து செய்யும். நல்ல எண்ணம்தான், ஆனால் பிரவுசர் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் போகலாம்.

சோதிப்பது சுலபம். குரோமில் இன்காக்னிடோ என்ற மறைநிலை ஜன்னலில், நீங்களாக அனுமதித்தால் ஒழிய, எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. அங்கே தளம் நன்றாக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் அவற்றில் ஒருவர். ஃபயர்பாக்ஸில் உதவிப் பட்டியலில் டிரபிள்ஷூட் மோட் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனோடு ஜிபியுவையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கும்.

ஒரு தெலுங்கு எழுத்து

பிரவுசரும் விழும், ஆப்பும் விழும், காரணம் ஒரே ஒரு எழுத்தாகக்கூட இருக்கலாம். 2018 பிப்ரவரியில் ஐஓஎஸ் 11.2.5 ஓடிய ஐபோன்களில், 'ஜ்ஞா' என்ற ஓசை தரும் ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு திரையில் வந்தாலே அந்த ஆப் செத்தது. மெசேஜில் வந்தால் மெசேஜ் ஆப், பக்கத்தில் வந்தால் பிரவுசர். நம் இந்திய மொழிகளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், முன்னே பின்னே இடம் மாறும். அந்த உருவத்தைக் கட்டும் மென்பொருளில் இருந்த பிழை அது. பிப்ரவரி 19 அன்று ஆப்பிள் 11.2.6 வெளியிட்டு அடைத்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று தெலுங்குத் தளங்களுக்குப் போனவர்கள் "இந்த சைட்டில் வைரஸ்" என்றுதான் நினைத்திருப்பார்கள். தளத்தில் இருந்தது வெறும் எழுத்து. பிழை இருந்தது போனில். இந்த வகைக்குப் புதுப்பிப்பைத் தவிர நம் கையில் மருந்தே இல்லை.

மொத்தத்தில், அந்தத் தளம் உங்கள் மெஷினில் வேறு யாரும் மிதிக்காத ஒரு படியை மிதிக்கிறது. உடைந்த படி ஜிபியுவா, ரேமா, எக்ஸ்டென்ஷனா, எழுத்துருவா என்று தேடுவதுதான் பழுது பார்ப்பது.

அண்ணனின் மெஷினில்

முதலில் நான் சந்தேகப்பட்டது எக்ஸ்டென்ஷன்களை. ஜெராக்ஸ் கடை மெஷின் என்றால் பிடிஎஃப் மாற்றும் எக்ஸ்டென்ஷன் மட்டும் நாலு இருக்கும், இருந்தது. இன்காக்னிடோவில் திறந்தேன். அதிலும் திரை சிமிட்டியது, ஜன்னல் போனது. என் ஊகம் தப்பு. ஷிஃப்ட் எஸ்கேப் பட்டியலில் நினைவகமும் மட்டாகவே இருந்தது.

அப்புறம் குரோம் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போனேன். அங்கே ஹார்டுவேர் ஆக்சலரேஷன் என்று ஒரு பொத்தான் இருக்கும். புதிய பதிப்புகளில் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன். அதை அணைத்தால் மிக்ஸியை ஒதுக்கிவிட்டு அம்மியில் அரைப்பது போல, ஜிபியு செய்யும் வேலையை மெயின் சிப்பே செய்யும். அணைத்து, குரோமை மூடித் திறந்து, மனைத் தளத்துக்குப் போனேன். வரைபடம் நொண்டி நொண்டிச் சுழன்றது. விழவில்லை. மூன்று தரம் திறந்து பார்த்தேன்.

காரணமும் அங்கேயே இருந்தது. மெஷினில் ஓடியது விண்டோஸ் 7. அதற்கு வந்த கடைசிக் குரோம், 2023 ஜனவரியின் 109. அதற்கப்புறம் அந்த மெஷினுக்குப் புதுக் குரோமும் இல்லை, அந்தப் பழைய போர்டுக்குப் புது கிராஃபிக்ஸ் டிரைவரும் இல்லை. புது மெஷினாக இருந்திருந்தால் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்துவிட்டு, பொத்தானை மறுபடி போட்டுவிடலாம். அதுதான் சரியான முறை. ஜெராக்ஸ் கடைக்கு வரைபடம் வழவழவென்று சுழல வேண்டிய அவசியமில்லை, அணைந்தே இருக்கட்டும் என்றேன். ஆனால் புதுப்பிப்பு நின்றுபோன அந்த மெஷினில் ஊராருடைய பேங்க் பாஸ்வேர்டு அடிப்பது எனக்குச் சம்மதமில்லை என்பதையும் சொன்னேன். "பாக்கலாம்பா, தீபாவளி கழியட்டும்" என்றார்.

ஊரார் சொல்லும் மற்ற இரண்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. ஹிஸ்டரியை அழிப்பது கிராஷுக்கு அபூர்வமாகவே உதவும். பழைய பக்கமே திரும்பத் திரும்ப வருவது, லாகின் ஆகாமல் சுற்றுவது போன்றவற்றுக்குத்தான் அது மருந்து. அதற்கும் அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் அழித்தால் போதும். குரோமை நீக்கிவிட்டு மறுபடி போடுவதும் பலர் செய்வது. நீக்கும்போது தரவையும் அழி என்ற கட்டத்தைத் தொடாவிட்டால் உங்கள் பழைய அமைப்புகள் அப்படியே காத்திருக்கும். கூகுள் கணக்கில் நுழைந்ததும் எக்ஸ்டென்ஷன்களும் ஊர்வலமாகத் திரும்பி வந்துவிடும். குரோமிலேயே புதிதாக ஒரு புரொஃபைல் உண்டாக்கி, கணக்கில் நுழையாமல் அதில் திறந்து பார்ப்பது இதைவிடச் சுலபம்.

சைட் மாறி மாறி விழுந்தால்

இது வேறு ஜாதி. எங்கள் மாடி வீட்டு மாமியின் பழைய கம்ப்யூட்டரில் ஒரு நாள் பஞ்சாங்கத் தளம் விழும், மறுநாள் மெயில் விழும், அதற்கடுத்த நாள் எதுவுமே விழாது. குறியீடும் ஒவ்வொரு தரம் ஒவ்வொன்று. இப்படிக் கணக்கில்லாமல் விழுந்தால் தளத்தையோ எக்ஸ்டென்ஷனையோ தேடுவது வீண், ரேமைத்தான் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸில் மெமரி டயக்னாஸ்டிக் என்ற ரேம் சோதனை கூடவே வருகிறது. ராத்திரி ஓட்டிவிட்டுத் தூங்கினால் காலையில் பதில் இருக்கும். மாமியுடையதில் பிழை காட்டியது.

பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்யும் வேலையைத்தான் நானும் செய்தேன். மின்சாரத்தைத் துண்டித்து, ரேம் பட்டையை உருவி, பொன்னிறப் பல் வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். கறுப்பாகப் பொடி உதிர்ந்தது. துடைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினேன். மறுபடி சோதித்ததில் பிழை இல்லை. "ரப்பரால அழிச்சியே, உள்ள இருக்கிற போட்டோ எல்லாம் போயிடாதோ?" என்றார் மாமி. போகாது மாமி, அது வேற பெட்டி.

இத்தனைக்கும் மசியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுவதுதான். அப்போது "கிராஷ் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பிரவுசர் எந்தப் பதிப்பு, டேப் போனதா ஜன்னல் போனதா, திரையில் என்ன குறியீடு, எதை அழுத்தியபோது, இன்காக்னிடோவில் எப்படி என்று சொன்னால் அவருக்கு அரை நாள் மிச்சம். திரையைப் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

போன வாரம் மறுபடி அண்ணன் கடைக்குப் போனேன். மனை வரைபடம் நொண்டிக்கொண்டாவது வருகிறதாம், பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறாராம். நான் நின்றபோது பிரிண்டரில் மை தீர்ந்துபோயிருந்தது. வாசலில் நின்றவரிடம் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்: "சர்வர் டவுன் இதே சார், நாளே பன்னி."